ஆறு குடம் ஆதாரம்

எங்கள் தெருவுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. அதன் நோக்கம் ஒன்றே ஒன்று. குழாயில் நல்ல தண்ணீர் வந்ததை முதலில் பார்ப்பவர் 'வந்துருச்சுங்க' என்று ஒரு சொல் போட வேண்டும். மற்றவர்கள் குடத்தை எடுத்துக்கொண்டு ஓட வேண்டும். ஒரு குழந்தையிடம் கொடுத்தால்கூட ஒழுங்காகச் செய்துவிடும். ஆனால் குழுவில் இருந்தவர்கள் எல்லாம் பெரியவர்கள். அதில் நான் ஒருவன் படித்தவன் வேறு.

கோயமுத்தூரில் தண்ணீர் இரண்டு வகை. சிறுவாணியிலிருந்து குழாயில் சில நாட்களுக்கு ஒருமுறை வருவது நல்ல தண்ணி. போர்வெல்லில் எந்நேரமும் வருவது உப்புத் தண்ணி. உப்புத் தண்ணியில் குளிக்கலாம், துவைக்கலாம், வண்டி கழுவலாம். பருப்பு மட்டும் வேகாது. இந்தப் பருப்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் கோபிசெட்டிபாளையத்துப் பக்கத்திலிருந்து வந்தவன். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வாழைத்தோட்டத்தில் வேலை செய்கிறவர்கள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலைத் தாண்டி உள்ளே போன முதல் ஆள் நான். அங்கிருந்து கல்லூரிவரை போய், இப்போது ஒரு பம்பு கம்பெனியில், எந்தப் பம்பு எவ்வளவு தண்ணீர் தள்ளுகிறது என்று அட்டவணை போடும் வேலையில் இருக்கிறேன். தண்ணீரைப் பற்றி எனக்குத் தெரியாதது எதுவும் இருக்க முடியாது என்று நான் நம்பியதற்கு இதைவிடத் தகுதி என்ன வேண்டும்?

வேலை போக மீதி நேரத்தில் தெருக் குழுவைத் திருத்திவந்தேன். சம்பளம் வாங்கிக்கொள்ளவில்லை. யாராவது செம்புக் குடத்துத் தண்ணீர் மூட்டுவலியைப் போக்கும் என்று போட்டால், 'ஆதாரம் இருக்குதுங்களா?' என்று கேட்பேன். பதில் வராவிட்டால் நானே பதினோரு பத்தியில் பதில் எழுதுவேன். நீளத்துக்கு ஒரு காரணம் உண்டு. நான் எழுதுவதைப் படமெடுத்து அப்பாவுக்கு அனுப்புவது வழக்கம். அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. அவர் விரலால் தள்ளிப் பார்ப்பார். எத்தனை முறை தள்ள வேண்டியிருக்கிறதோ அத்தனை அறிவு. "இத்தன நீளம் எழுதியிருக்கறயே சாமி, எதுத்து ஒருத்தன் பேச முடியுமா?" என்பார். எதிர்த்து ஒருவரும் பேசவில்லைதான். படித்தால்தானே பேசுவதற்கு.

எங்கள் பக்கத்தில் கருத்து வேறுபாட்டைக்கூட மரியாதையாகத்தான் சொல்வார்கள். "நீங்க சொன்னாச் சரியாத்தானுங்க இருக்கும்" என்று ஒருவர் சொன்னால், இந்த ஆளிடம் இனிப் பேசிப் பயனில்லை என்று முடிவு கட்டிவிட்டார் என்று அர்த்தம். எனக்கு அது தெரியாதா என்ன, நானும் அதே மண்ணில் பிறந்தவன்தானே. ஆனால் எனக்கு வந்தபோது மட்டும் அதை நற்சான்றிதழ் என்றே எடுத்துக்கொண்டேன்.

ஒருநாள் ஒரு பெரியவர், சிறுவாணித் தண்ணீர் உலகத்திலேயே இரண்டாவது ருசியான தண்ணீர் என்று குழுவில் எழுதினார். கோயமுத்தூரில் இதைச் சந்தேகிப்பது பெற்ற தாயைச் சந்தேகிப்பதற்குச் சமம். நான் கேட்டேன்: 'ருசி பார்த்தது யாருங்க? எத்தனை ஆறுங்க? முதலாவது எதுங்க?' ஒவ்வொரு கேள்விக்கும் 'ங்க' போட்டிருந்ததால் மரியாதையில் குறையொன்றும் இல்லை என்பது என் துணிபு. அன்று சாயங்காலத்துக்குள் ஆறு வீட்டுக்காரர்கள் குழுவை விட்டு வெளியேறினார்கள். வாதத்துக்கு வலு இல்லாதவர்கள் ஓடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அப்பாவுக்கும் படம் போயிற்று.

நான் குடியிருக்கும் மாடிக்கு எதிர்வீடு ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டருடையது. அவர் தட்டச்சு செய்ய மாட்டார். குரலில்தான் பேசி அனுப்புவார். பஸ்ஸின் பின்படியிலிருந்து முன்படிக்குக் கேட்டுப் பழகிய குரல். ஃபோனைக் காதில் வைக்காமலே கேட்கலாம். சில சமயம் ஃபோனே இல்லாமலும் கேட்கும்.

அவருடைய மகள் பொள்ளாச்சிப் பக்கம் வாழ்க்கைப்பட்டவர். ஏழாம் மாதம். வெள்ளிக்கிழமை கட்டுச்சோறு விருந்து. பிறந்த வீட்டில் புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு, தயிர்ச்சோறு, பருப்புஞ்சோறு என்று ஆக்கி, அண்டாவோடு வேனில் ஏற்றி, சம்பந்தி வீட்டில் இறக்கிப் பந்தி போட்டு, பெண்ணைப் பிரசவத்துக்கு அழைத்து வர வேண்டும். ஆக்குவதற்கு நல்ல தண்ணீர் வேண்டும். கடைசியாகத் தண்ணீர் வந்தது போன வாரம் திங்கட்கிழமை.

ஞாயிற்றுக்கிழமை காலை கண்டக்டரின் குரல் குழுவில் வந்தது. "பத்து நாளைக்கு ஒருக்காத்தான் நம்ம தெருவுக்குத் தண்ணி வாலுவு தொறக்கறாங்க. அப்ப வியாழக்கெழம வந்துருமுங்க. நம்மூட்டு விசேசத்துக்குச் சரியா இருக்குமுங்க."

அட்டவணை போடுகிறவனிடம் போய் உத்தேசமாகப் பேசலாமா? என்னிடம் எக்செல்லில் தண்ணீர் வந்த தேதிகள் எல்லாம் இருந்தன. அனுப்பினேன். 'மன்னிக்கணுங்க. சராசரி இடைவெளி ஒன்பது நாள். ஆகவே புதன்கிழமை. அட்டவணை இணைத்துள்ளேன்.'

"பாத்தனுங்க தம்பி. கலர் கலரா நல்லா இருந்துச்சு. எங்க டிப்போவுலயும் செவுத்துல ஒரு அட்டவண ஒட்டியிருந்தாங்க. பஸ்ஸு மட்டும் அதப் படிச்சதே இல்லீங்க."

சிரிப்புப் பொம்மைகள் வரிசையாக வந்தன. என் காது சுட்டது. நான் ஒன்பது பத்தி எழுதினேன். திங்கட்கிழமைக்குள் தெரு இரண்டாகப் பிரிந்துவிட்டது. புதன் கட்சி, வியாழன் கட்சி. நடுவில், மூலையில் தையல் கடை வைத்திருக்கும் பாய் ஒரே ஒரு வரி போட்டார்: 'ரெண்டு நாளும் கொழாயத் தொறந்து வெச்சுப் பாத்துட்டாப் போச்சுங்களே.' அது அறிவியல்பூர்வமான முறை அல்ல என்று அவருக்கு விளக்கினேன். 'நீங்க சொன்னாச் சரிங்க' என்றார். இன்னொரு சான்றிதழ்.

அன்றே வேலைக்குப் போகும்போது கண்டக்டர் வீட்டம்மா கேட்டருகே என்னை நிறுத்தினார்.

"ஏங்கண்ணு, நெசமாலுமே புதங்கெழம வந்துருமா? இல்லாட்டி லாரித் தண்ணிக்குச் சொல்லியிருக்கறேன். இன்னிக்கு உறுதி பண்ணோணும். முகூர்த்த வாரம், உட்டுட்டா அப்பறம் கெடைக்காது."

"வேண்டாங்கம்மா. அட்டவணையில தெளிவா இருக்குது."

"அவரு வியாழன்ங்கறாரு."

"அவருதுக்கு ஆதாரம் இல்லீங்கம்மா."

"எந்த நாளா இருந்தா என்ன, வெள்ளிக்கு முன்னால வந்தாச் சரி. ரெண்டு பேரும் அதுல ஒத்துப்போறீங்கல்ல?"

"போறமுங்க."

அவர் அங்கேயே நின்று லாரிக்காரருக்கு ஃபோன் செய்து வேண்டாம் என்றார். ஒரு குடும்பத்துக்கு வீண் செலவைத் தடுத்த நிறைவோடு பஸ் ஏறினேன்.

செவ்வாய்க்கிழமை எனக்கு வார விடுமுறை. அன்று விவாதம் உச்சத்தில் இருந்தது. தண்ணீர் எப்போது வரும் என்பதெல்லாம் பழைய கேள்வி. இப்போது கேள்வி, தண்ணீர் வந்த நாளை ஒன்று என்று எண்ணிக்கொண்டு போவதா, பூஜ்ஜியம் என்று எண்ணிக்கொண்டு போவதா என்பது. பூஜ்ஜியத்தின் வரலாற்றில் ஆரம்பித்து எழுதிக்கொண்டிருந்தேன். கண்டக்டர் மூன்று குரல் அனுப்பிவிட்டு நாலாவதற்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

அப்போது கடைசி வீட்டிலிருந்து ஒரு செய்தி வந்தது. அந்த வீட்டம்மா நூற்பாலையில் வேலை செய்கிறவர். காலை ஷிப்ட் முடிந்து நாலு மணிக்கு வீடு வருவார். குழுவில் அதுவரை ஒரு காலை வணக்கம்கூடப் போட்டதில்லை. 'வந்துருச்சுங்க' என்று எழுதியிருந்தார். குழு எதற்காகத் தொடங்கப்பட்டதோ அந்தச் சொல்.

நான் பதில் எழுதினேன்: 'இன்னிக்குச் செவ்வாய்ங்க. எந்தக் கணக்குப்படியும் வாய்ப்பில்லை. ஆதாரம் இருக்குதுங்களா?'

என் செய்திக்குக் கண்டக்டர் ஒரு கட்டைவிரல் போட்டார். மூன்று நாளில் குழுவில் நாங்கள் இருவரும் ஒத்துப்போன ஒரே இடம் அது.

அந்தம்மா ஒரு படம் அனுப்பினார். குழாய், கீழே குடம், குடத்தில் தண்ணீர். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். 'படத்தில் தேதி இல்லீங்க. பழைய படமாக இருக்கலாம்' என்று எழுதினேன். கண்டக்டர் மறுபடியும் கட்டைவிரல். படித்தவரும் இல்லை என்கிறார், கண்டக்டரும் இல்லை என்கிறார் என்று, எழப்போன நாலைந்து பேரும் உட்கார்ந்துவிட்டார்கள். அதன்பின் அந்தம்மா எதுவும் எழுதவில்லை. வாயடைத்துவிட்டேன் என்று நினைத்தேன். அவர் குடம் மாற்றிக்கொண்டிருந்திருக்கிறார்.

எங்கள் வீட்டுக் குழாய் கேட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. நான் உட்கார்ந்திருந்த நாற்காலியிலிருந்து பதினைந்து படி இறங்க வேண்டும்.

ஆறு மணிக்குப் பால் வாங்கக் கீழே போனேன். கடைசி வீட்டு வாசலிலிருந்து ஒரு ஈரக் கோடு சாக்கடைவரை போயிருந்தது. வாசலில் ஆறு குடமும் இரண்டு டிரம்மும் வாய் நிறைய நின்றன. நூல் பஞ்சு ஒட்டிய தலைமுடியோடு அந்தம்மா டிரம்முக்குத் துணி கட்டிக்கொண்டிருந்தார்.

"வாங்க தம்பி. ஆதாரம் கேட்டீங்கல்ல? இந்தா, ஆறு கொடம் ஆதாரம். அதா, ரெண்டு டிரம் ஆதாரம். தேதிதான் எழுதி ஒட்டலீங்க."

"எப்பங்க நின்னுச்சு?"

"இப்பத்தான், நீங்க பூஜ்ஜியத்தப் பத்தி எழுதுனீங்களே, அப்ப."

நான் மாடிக்கு ஓடினேன். ஓடியவன் என்ன செய்திருக்க வேண்டும்? எதிர்வீட்டுக்குப் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். நான் ஃபோனை எடுத்து ஒரு விளக்கம் எழுத ஆரம்பித்தேன். ஒன்பது நாள் என்பது சராசரிதான், எட்டு நாளில் வருவதும் அதற்குள் அடக்கம், ஆகவே அட்டவணை தவறல்ல. சுருக்கமாகச் சொன்னால், நான் சரி, தண்ணீர்தான் அவசரப்பட்டுவிட்டது. நாலாவது பத்தியில், ஜன்னல் வழியாகக் கண்டக்டர் வீட்டம்மா தெரிந்தார். வாசல் குழாயைத் திறந்து ஒரு குடத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். குழாய் சொட்டியது. அவர் பாட்டுக்கு அப்படியே நின்றார். எழுதியதை அழித்துவிட்டுக் கீழே இறங்கினேன்.

"அம்மா, நாந்தானுங்க..."

"தெரியுங்கண்ணு. அவரு ஃபோனுல நானும் இப்பத்தான் பாத்தேன்." குரல் ஏறவில்லை. ஏறியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். "லாரிக்காரன் வெள்ளிவரைக்கும் முடியாதுன்னுட்டான். கேன் தண்ணியில ஆக்குனா, சம்பந்தியம்மா மோந்து பாத்தே பிளாஸ்டிக்குன்னு சொல்லிப்போடுவாங்க. உப்புத் தண்ணியில பருப்பு வேகாது. மொத மொத எம்புள்ளைக்குக் கொண்டுபோற சோறு. வேகாத பருப்பயா அவுங்கூட்டுல எறக்கறது?"

கண்டக்டர் நெளிந்தபடி கதவருகே நின்றார். வாழ்க்கையில் முதல்முறையாக மெதுவாகப் பேசினார்.

"தம்பி, நீங்க ஒரு நாள் தப்பு. நான் ரெண்டு நாள் தப்பு. அப்படிப் பாத்தா ஜெயிச்சது நீங்கதானுங்க."

"ரெண்டு பேரும் மொதல்ல அந்த ஃபோனுகள இப்புடி வெய்யுங்க" என்றார் வீட்டம்மா. வைத்தோம். "இப்பக் கொடத்த எடுங்க."

குடம் எடுத்து எங்கே போவது? குழுவில் கேட்டுப் பயனில்லை. குழுவில் இருந்தவர்கள் எல்லாம் எங்களோடு உட்கார்ந்து பூஜ்ஜியத்தைப் படித்துக்கொண்டிருந்தவர்கள். தண்ணீர் யார் வீட்டில் இருந்தது என்றால், கடைசி வீட்டிலும், என்னால் குழுவை விட்டு வெளியேறிய அந்த ஆறு வீடுகளிலும். அவர்களுக்கு ஃபோனில் பார்க்க எதுவும் இல்லாததால் சாயங்காலம் வாசலுக்கு வந்திருக்கிறார்கள். குழாயில் சத்தம் கேட்டிருக்கிறது. பிடித்து வைத்துவிட்டார்கள்.

கண்டக்டரின் மொபெட்டில் பக்கத்துக்கு ஒரு குடமாகக் கட்டிக்கொண்டு கிளம்பினோம். அவர் தள்ள, நான் பின்னால் பிடித்துக்கொண்டேன். தனியாகப் போக இருவருக்குமே முகம் இல்லை.

முதல் வீடு, 'உலகத்திலேயே இரண்டாவது' என்று எழுதிய பெரியவருடையது. விஷயத்தைச் சொன்னோம். அவர் உள்ளே போய் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டு வந்து என்னிடம் நீட்டினார்.

"குடிச்சுப் பாத்துட்டு எத்தனாவதுன்னு சொல்லுங்க தம்பி."

குடித்தேன். ஓடி இளைத்த வாய்க்கு அது இனித்தது.

"ரெண்டாவதுங்க."

"அப்ப மொதலாவது எதுங்க?"

"தெரியலீங்க."

"எனக்குந் தெரியாதுங்க" என்றார் பெரியவர், ஏதோ பெரிய பாரத்தை இறக்கி வைத்தவர்போல. இரண்டு குடம் நிரப்பிக் கொடுத்தார்.

அடுத்த வீட்டில், மூட்டுவலிக்காரம்மா செம்புக் குடத்தோடு வெளியே வந்தார். "செம்புலதானுங்க ஊத்தி வெச்சிருக்கறேன். பரவால்லீங்களா? ஒண்ணுக்கும் ஆதாரமில்லீங்க." பரவாயில்லை என்றேன். நாங்கள் நகரும்போது, "படியில பாத்துப் போங்க தம்பி, மூட்டு பத்தரம்" என்றார். இன்னொரு வீட்டில் கதவைப் பாதி திறந்து, "பத்தி பத்தியாச் சொல்லாம என்ன வேணும்னு சொல்லுங்க" என்றார்கள். ஒரே வரியில் சொன்னேன். அத்தனை சிறிய வாக்கியத்தை நான் அந்தத் தெருவில் சொன்னது அதுதான் முதல்முறை. ஒருவர் மட்டும் இல்லை என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டார். அவருக்கு நான் என்ன எழுதினேன் என்று எனக்கு நினைவில்லை. அவருக்கு நினைவிருக்கிறது.

கடைசி வீட்டுக்குப் போகும்போது எனக்குக் கால் கூசியது. அந்தம்மா குழுவில் எழுதிய முதல் சொல்லுக்கே ஆதாரம் கேட்டவன் நான்.

"வெள்ளிக்கெழம விசேசம்ங்கறதுக்கு என்ன ஆதாரம்?" என்றார் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு. கண்டக்டர் மடியில் பத்திரிகையைத் தேட ஆரம்பித்துவிட்டார். அந்தம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உடுங்கண்ணா. நாலு கொடம் எடுத்துக்கங்க. புளிச்சோறு ஒரு டப்பா வந்துரோணும்."

"ஏனுங்க, நான் ஒண்ணு கேக்கலாங்களா?" என்றேன். "நான் நம்பலைன்னதும், திரும்ப ஒருக்காச் சொல்லியிருக்கலாமுங்களே."

"தம்பி, உங்குளுக்குப் புரிய வெக்கறதா, கொடத்தப் பாக்கறதா? ஒண்ணரை மணி நேரந்தானுங்க தண்ணி."

வீட்டுக்கு வந்து ஃபோனைத் திருப்பி வாங்கி, குழுவில் எழுதினேன். 'இன்னிக்குத் தண்ணி வராதுன்னு நான் சொன்னது தப்புங்க. தெரியாம பேசிப்போட்டேன். நெறையப் பேருக்குத் தண்ணி போச்சு. மன்னிச்சுக்கங்க.' பின்னால் ஒரு 'ஆனால்' தானாக வந்து விரல் நுனியில் நின்றது. அதை அனுப்பாமல் இருக்கப் பட்ட பாட்டை எந்தப் பரீட்சைக்கும் பட்டதில்லை. பழக்கதோஷத்தில் அப்பாவுக்கும் படம் அனுப்பினேன். உடனே கூப்பிட்டார்.

"ஏஞ்சாமி, இத்துனூண்டு எழுதியிருக்கற? தள்ளறதுக்கே ஒண்ணுமில்ல. ஒடம்புகிடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கறேம்ப்பா. தப்புன்னு எழுதுனேன்."

"யாரு தப்புன்னு?"

"நான்."

"படிச்சவிங்க அப்படியெல்லாம் எழுதலாமா?" என்று அப்பா கேட்டார். கிண்டல் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். எனக்கும் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை காலை அண்டாக்கள் வேன் ஏறின. கண்டக்டர் வீட்டம்மா ஏறுவதற்கு முன் ஒரு பருப்பை எடுத்து விரலில் நசுக்கி என்னிடம் காட்டினார். மசிந்திருந்தது. ஒரு டப்பாவைக் கையில் கொடுத்துக் கடைசி வீட்டைக் கைகாட்டினார்.

சாயங்காலம் வேன் திரும்பி வந்தது. மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கி, என்னைப் பார்த்து, "ஏம்மா, செவ்வாக்கெழமையவே ஒத்துக்காதவரு இவருங்களா?" என்றார். நம் பெயர் தெருவைத் தாண்டிப் பொள்ளாச்சிவரை பரவுவது இப்படித்தான். கண்டக்டருக்குப் பழைய குரல் திரும்பியிருந்தது.

"சம்பந்தியம்மா ரெண்டு தடவ வாங்கிச் சாப்புட்டாங்க தம்பி. எந்தத் தண்ணியில ஆக்குனீங்கன்னாங்க. எங்க சிறுவாணி, உலகத்துலயே ரெண்டாவதுன்னேன். அந்தம்மா ஆதாரமெல்லாம் கேக்கலீங்க."

அடுத்த தண்ணீருக்கு முந்தைய நாட்களில் குழுவில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. ஒருநாள் காலை கண்டக்டர் எனக்குத் தனியாகக் குரல் அனுப்பினார். அவருக்கு அது ரகசியக் குரல். பக்கத்து வீட்டுக்கு மட்டும்தான் கேட்டிருக்கும். "தம்பி, நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும். அட்டவண என்னுங்க சொல்லுது?"

திறந்து பார்த்தேன். புது எண்ணையும் சேர்த்துச் சராசரி போட்டு வைத்திருந்தேன், விட்டுவிடுவேனா. வியாழக்கிழமை என்றது. 'தெரியலீங்க' என்று எழுதி அனுப்பினேன்.

பிறகு பதினைந்து படி இறங்கி, குழாயைத் திறந்து வைத்து, அடியில் ஒரு எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்தேன். தண்ணீர் வந்தால் மாடிக்குச் சத்தம் கேட்கும். நிமிர்ந்து பார்த்தபோது, எதிர்வீட்டுக் குழாய்க்கு அடியில் கண்டக்டர் குனிந்துகொண்டிருந்தார். அவர் கையில் இருந்தது என்னுடையதைவிடப் பெரிய தாம்பாளம்.